தெரு யாருக்குச் சொந்தம்?

நாளைக் காலை ஒரு வேலை செய்து பாருங்கள். பைக் சாவியை வீட்டிலேயே வைத்து விட்டு, உங்கள் கடைக்கோ கல்லூரிக்கோ நடந்து போங்கள். போகிற வழியில் எத்தனை முறை பிளாட்பாரத்தை விட்டுத் தார் ரோட்டில் இறங்க வேண்டி வந்தது என்று எண்ணிக் கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்காக ஒரு முறை. கடைப் படிக்கட்டுக்காக ஒரு முறை. மூடாத சாக்கடைக்காக, நிறுத்தி வைத்த காருக்காக, கட்சிக் கொடிக் கம்பத்துக்காக என்று எண்ணிக்கை ஏறிக் கொண்டே போகும். பல தெருக்களில் எண்ணவே தேவை இருக்காது. அங்கே பிளாட்பாரமே இருக்காது!

அப்படி ஒவ்வொரு முறை இறங்கும் போதும் உயிரைக் கையில் பிடித்துக் கொண்டுதான் இறங்குகிறோம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இது மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர்! ஒரு விமானம் விழுந்து தொண்ணூறு பேர் இறந்தால் நாடே அழுகிறது. தினமும் தொண்ணூறு பேர் தெருவில் சாகும் போது, 'சாலையைக் கடக்க முயன்ற முதியவர் பலி' என்று இரண்டு வரிச் செய்தி வருகிறது. கடக்க முயன்றது முதியவரின் குற்றம் என்பது போல!

அவர் ஏன் அங்கே கடந்தார்? கடக்க வேறு இடம் இல்லை. ஏன் ரோட்டில் நடந்தார்? நடக்க வேறு பாதை இல்லை. இந்த இரண்டு பதில்களும் ஏதோ ஓர் அலுவலகத்தில், ஒரு வரைபடத்தின் மேல், பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டு விட்டன. மக்கள் நடப்பதும் நடக்காததும் சோம்பேறித்தனத்தால் அல்ல. எந்த நிலத்தில் எதைக் கட்ட வேண்டும், தெருவில் யாருக்கு எவ்வளவு இடம் என்று முடிவு செய்தவர்கள்தான் அதையும் முடிவு செய்தார்கள். இது அரசியல். அதனால்தான் இந்தப் பக்கத்தில் இதை எழுதுகிறோம்.

பழைய ஊர்கள் சொல்லும் பாடம்

காயல்பட்டினத்துக்குப் போனவர்கள் அங்குள்ள முடுக்குகளைப் பார்த்திருப்பார்கள். பெரிய தெருக்களுக்கு இடையே, வீடுகளின் ஓரமாகவும் பின்புறமாகவும் ஓடும் ஒடுக்கமான சந்துகள். உறவினர் வீட்டுக்குப் போகவும் வரவும் பெண்கள் அந்த வழியாகத்தான் நடப்பார்கள். வண்டி நுழையாது. யாரும் இடிக்க மாட்டார்கள். நடக்கிறவர்களுக்கென்றே ஒரு தனி வழியை அந்த ஊரார் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படிக்காமல் வகுத்து வைத்தார்கள்.

நம்முடைய பழைய மொஹல்லாக்கள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். கீழே கடை, மேலே வீடு. கூப்பிடு தூரத்தில் பள்ளிவாசல். அடுத்த தெருவில் மதரஸா, அதற்கடுத்து சந்தை. பத்து நிமிட நடையில் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் வேலை முடிந்து விடும். சந்துகள் நிறைய இருப்பதால் எங்கே போனாலும் குறுக்கு வழி இருக்கும். இன்றைக்கு உலகெங்கும் நகரமைப்பு வல்லுநர்கள் 'வீடும் கடையும் பள்ளியும் கலந்திருக்க வேண்டும், தெருக்கள் அடிக்கடி சந்திக்க வேண்டும்' என்று எழுதிக் குவிக்கிறார்களே, அது நம் பாட்டனார்களுக்குப் பழகிப் போன விஷயம்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். பத்து நிமிடத்தில் ஒருவர் ஏறக்குறைய 800 மீட்டர் நடக்கலாம். அதே பத்து நிமிடத்தில் சாதாரண சைக்கிளில் இரண்டரை கிலோமீட்டர் போகலாம். தூரம் மூன்று மடங்குதான். ஆனால் சுற்றிலும் எட்டக் கூடிய பரப்பு ஏறக்குறைய பத்து மடங்காகி விடுகிறது! பெட்ரோல் இல்லை, லைசென்ஸ் இல்லை, மாதத் தவணை இல்லை. நடுத்தர ஊர் ஒன்றின் பெரும்பகுதி ஒரு சைக்கிளுக்குள் அடங்கி விடும்.

தூரத்தை உண்டாக்கியது யார்?

பிறகு என்ன நடந்தது? ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே போனது. பஸ் நிலையம் பைபாஸுக்குப் போனது. கலெக்டர் அலுவலகம், நீதிமன்றம், பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி எல்லாம் நிலம் மலிவாகக் கிடைத்த இடத்துக்குப் போயின. வயல்களில் கல் நட்டு 'நகர்' என்று பெயர் வைத்தார்கள். அந்த நகரில் மளிகைக் கடை இல்லை, பள்ளி இல்லை, பஸ் இல்லை. ஒரு தீப்பெட்டி வாங்கவும் பைக் எடுக்க வேண்டும்.

சென்னையைப் பாருங்கள். கூவம், அடையாறு ஓரங்களில் இருந்த குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டு போய் இறக்கினார்கள். வேலைக்கு நடந்து போய்க் கொண்டிருந்தவர்கள், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியவர்கள் ஆனார்கள். வீட்டு வேலை செய்த பெண்கள், தள்ளு வண்டி வைத்திருந்தவர்கள், சுமை தூக்கியவர்கள் பலருக்குத் தொழிலே போனது. கான்கிரீட் வீடு கிடைத்தது. பிழைப்பு தூரமாகி விட்டது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் பிரம்மாண்டமான பஸ் நிலையம் திறந்தார்கள். ரயில் பாதை பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லை! பெட்டி படுக்கையோடு வருகிறவன் எப்படிப் போவான் என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது.

தூரம் வந்ததும் பைக் வந்தது. பைக்குக்குப் பின்னால் தவணை வந்தது. 2021-ல் சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. இளைஞர்களே! உங்கள் சம்பளத்தில் எவ்வளவு இந்தத் தூரத்துக்குப் போகிறது என்று கணக்குப் பாருங்கள். பணம் மட்டுமா போகிறது? அதே 2022-ல் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

அகலப்படுத்தினால் தீருமா?

'ரோட்டை அகலப்படுத்துங்கள், மேம்பாலம் கட்டுங்கள், எல்லாம் சரியாகும்' என்கிறார்கள். சென்னையில் ஜெமினி மேம்பாலம் 1973-ல் வந்தது. அதற்குப் பின் கட்டிய மேம்பாலங்களை விரல் விட்டு எண்ண முடியாது. நெரிசல் குறைந்ததா? ரோடு அகலமானால் வண்டி ஓட்டுவது சுலபமாகிறது. சுலபமானால் இன்னும் பலர் வண்டி வாங்குகிறார்கள். சில ஆண்டுகளில் பழைய நெரிசலே திரும்பி வருகிறது. இடையில் பறி போனது என்ன? பிளாட்பாரம், மரங்கள், உங்கள் கடையின் முகப்பு!

அகல ரோட்டில் வேகமும் கூடுகிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால், உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே அகலமான ரோட்டை ஒரு கிழவியால் கடக்க முடியாது. இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் ரேஷன் கடையும் இருந்தால் அவளுக்கு அவை இரண்டு ஊர்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைச் சொன்னது. விவசாயம், வீட்டுத் தொழில் தவிர்த்த மற்ற தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கு நடந்தோ சைக்கிளிலோதான் போனார்கள். காரில் போனவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் கூட இல்லை. பணம் யாருக்குச் செலவாகிறது, இடம் யாருக்குப் போகிறது என்று நீங்களே பாருங்கள்.

வணிகர்களே, ஒரு கணக்கு

'கடை வாசலில் கார் நிற்க இடம் இல்லையென்றால் வியாபாரம் படுத்து விடும்.' இது நம் வணிகர்களின் நியாயமான பயம். இந்தப் பயம் நமக்கு மட்டும் வந்ததல்ல.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 1962 நவம்பரில் ஸ்ட்ரோயட் என்ற முக்கிய வணிகத் தெருவில் கார்களை நிறுத்தினார்கள். 'இந்தக் குளிர் நாட்டில் யார் நடப்பார்கள்? இது என்ன இத்தாலியா?' என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். இன்றும் அந்தத் தெரு நடப்பவர்களுக்கே. அந்நகரின் பரபரப்பான வணிகத் தெருவும் அதுதான். ஹாலந்தில் குரோனிங்கன் நகரம் 1977-ல் தன் மையப் பகுதியை நான்காகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளியே போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். நடந்தோ சைக்கிளிலோ நேராகப் போகலாம். அங்கும் வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று உலகில் சைக்கிள் அதிகம் ஓடும் நகரங்களில் அதுவும் ஒன்று. ஹாலந்துக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள் பிரியர்கள் என்று நினைக்காதீர்கள். 1970-களின் தொடக்கத்தில் அங்கே ஆண்டுக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள், நூற்றுக்கணக்கில் குழந்தைகள். பெற்றோர்கள் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று தெருவில் இறங்கிப் போராடிய பிறகே அந்நாட்டின் சாலைகள் மாறின.

அவ்வளவு தூரம் ஏன்? நம் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவைப் பாருங்கள். அதில் கார் போக முடியுமா? மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வரும் கூட்டத்தை வைத்தே அந்தத் தெரு கொடி கட்டிப் பறக்கிறது. காரணம் எளிது. உங்கள் கடை முகப்பு பதினைந்து அடி என்றால், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அதை அரை நொடிக்குள் கடந்து விடும். நடப்பவருக்கு மூன்று நொடிக்கு மேல் ஆகும். யார் உங்கள் சரக்கைப் பார்ப்பார்? யார் நின்று விலை கேட்பார்? ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். அந்த ஒரு கார் யாருடையது? பல கடை வாசல்களில் காலை முதல் இரவு வரை நிற்பது முதலாளியின் வண்டிதான் என்பதை மனசாட்சியோடு ஒப்புக் கொள்ள வேண்டும்.

பிளாட்பாரக் கடைக்காரரைப் பலி கொடுத்தா?

இங்கே ஓர் எச்சரிக்கை. 'நடைபாதை' என்று பேச்செடுத்ததும் அதிகாரிகளின் கண் முதலில் போவது பூக்காரி மீதும், பழ வண்டி மீதும், பழைய புத்தகக் கடை மீதும்தான். பிளாட்பாரத்தில் ஏறி நிற்கும் கார் அவர்கள் கண்ணில் படாது. தள்ளு வண்டியை லாரியில் ஏற்றுவார்கள். காருக்கு மரியாதை செய்வார்கள். இப்படிப் பிழைப்பவர்களில் நம் சமுதாயத்தவர் எத்தனை பேர் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாண்டி பஜாரில் என்ன நடந்தது? 2013-ல் தெருவோர வியாபாரிகளை ஓர் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். வாடிக்கையாளர் படியேறி வருவதில்லை என்று அவர்கள் குறை சொன்னார்கள். 2019 நவம்பரில் அந்தச் சாலையில் வண்டிப் பாதையைக் குறுக்கி, அகலமான நடைபாதையும் இருக்கைகளும் அமைத்தார்கள். குடும்பம் குடும்பமாக மக்கள் நடக்கிறார்கள், உட்காருகிறார்கள், கடை ஏறுகிறார்கள். நல்ல மாற்றம், பாராட்ட வேண்டும். ஆனால் அந்த அகலமான இடத்தில் முறையாக அளந்து கொடுத்திருந்தால் அந்த ஏழை வியாபாரிகளுக்கும் இடம் இருந்திருக்காதா? தெருவோரக் கடை உள்ள இடத்தில்தான் இரவிலும் வெளிச்சம் இருக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது, பெண்கள் பயமின்றி நடக்கிறார்கள்.

சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சிறுபான்மையினருக்கும் உரிய இடம் தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உங்கள் ஊர்க் குழுவில் நம்மவர் யார் என்று கேட்டிருக்கிறீர்களா? அப்படி ஒரு குழு இருக்கிறதா என்றாவது கேட்டிருக்கிறீர்களா?

பெண்கள் எப்படிப் போகிறார்கள்?

வீட்டில் ஒரு பைக் இருந்தால் அது ஆண்களோடு போய் விடுகிறது. தாயும் மகளும் நடக்கிறார்கள். 2021 மே மாதம் முதல் தமிழக அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பஸ்ஸுக்குக் காசு வேண்டாம். பஸ் ஸ்டாப் வரை போக வழி? பஸ்ஸில் போகும் ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் நடப்பவர்தானே!

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டினார்கள். முஸ்லிம் பெண்களும் ஓட்டினார்கள். கேலி பேசியவர்கள் வாய் ஓய்ந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவள் தன் நேரத்துக்குத் தானே எஜமானி ஆனாள். இன்று பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசே இலவச சைக்கிள் கொடுக்கிறது. சைக்கிளைக் கொடுத்தவர்கள் அதை ஓட்ட இடம் கொடுக்கவில்லை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே மகளை அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? அந்தச் சைக்கிள் பல வீடுகளில் துருப்பிடிக்கிறது, விலைக்கும் போகிறது.

முதலில் நம்மைத் திருத்துவோம்

அரசைக் கேட்கும் முன் நம்மை நாமே கேட்டுக் கொள்வோம். கடைக்குள் இடம் இருக்கும் போதே சரக்கைப் பிளாட்பாரத்தில் அடுக்குவது யார்? ஜெனரேட்டரையும் போர்டையும் நடக்கும் வழியில் வைப்பது யார்? கடையை உயர்த்திக் கட்டி விட்டுப் படிக்கட்டைத் தெருவில் இறக்குவது யார்? ஜும்ஆ நாளில் தெருவை அடைத்து பைக்குகளை நிறுத்தி விட்டுப் போகும் இளைஞர்கள் யார்? அந்த நேரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது தர்மம் என்று சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இடையூறாக நாமே இருந்தால்?

என்ன செய்ய வேண்டும்?

புலம்பிப் பயனில்லை. சட்டமும் நெறிமுறைகளும் ஏட்டில் இருக்கின்றன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தெளிவாகச் சொன்னது. நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறடி, வேண்டும் என்பது 2012 முதல் இந்திய சாலை காங்கிரஸின் விதி. சென்னை மாநகராட்சி 2014-லேயே, தன் போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவோம் என்று கொள்கை வகுத்தது. இந்தியாவில் இப்படி முன்வந்த முதல் நகரம் என்று பெயர் வாங்கியது. கொள்கை வந்தது, பாதை எங்கே என்று கேட்கத்தான் ஆள் இல்லை!

இளைஞர்களே! ஒரு டேப்பை எடுத்துக் கொண்டு உங்கள் வார்டைச் சுற்றி வாருங்கள். பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், பள்ளிவாசல், சந்தை ஆகியவற்றுக்குப் போகும் தெருக்களை மட்டும் முதலில் எடுங்கள். எங்கே ஆறடி இல்லை, எங்கே சாக்கடை மூடவில்லை, எங்கே கடக்கக் கோடு இல்லை என்று எழுதுங்கள். நகர்ப்புற வார்டுகளில் 2022 நவம்பரில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அந்தப் பட்டியலைக் கவுன்சிலர் முன் வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இது முஸ்லிம் தெரு, அது இந்துத் தெரு என்று பிரிக்காதீர்கள். குழி எல்லோர் காலையும் ஒன்றாகத்தான் ஒடிக்கிறது.

வணிகர்களே! சங்கத்தில் பேசி ஒரே ஒரு தெருவை எடுத்துக் கொள்ளுங்கள். சரக்கை உள்ளே இழுங்கள். உங்கள் வண்டிகளை வேறிடத்தில் நிறுத்துங்கள். தெருவின் இரு முனையிலும் சைக்கிளுக்கும் பைக்குக்கும் இடம் ஒதுக்குங்கள். சரக்கு லாரிக்கு அதிகாலை நேரம் வையுங்கள். ஒரு மாதம் பாருங்கள். பில் புத்தகமே உங்களுக்குப் பதில் சொல்லும்.

ஜமாஅத் பெரியவர்களே! ஊருக்குப் பெருந்திட்டம் தயாராகும் போது விழித்திருங்கள். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபணையையும் ஆலோசனையையும் கேட்டே தீர வேண்டும். சென்னைக்கு 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது பெருந்திட்டம் அதே சட்டத்தின் கீழ் வருவதுதான். ரியல் எஸ்டேட்காரர்கள் அந்த வரைபடத்தை ஆளுக்கொரு பிரதி எடுத்துப் படிப்பார்கள். நாம் புல்டோசர் வந்து நிற்கும் நாளில்தான் படிக்கிறோம். வீடு எங்கே, பள்ளி எங்கே, சந்தை எங்கே என்று கோடு போடும் போது மனு எழுதுவதற்கு ஒரு பேனா போதும். கோடு கான்கிரீட் ஆன பிறகு எவ்வளவு கத்தினாலும் பயனில்லை.

வாக்குக் கேட்டு வருகிறவர்கள் நம் தெருவில் கைகூப்பி நடந்துதான் வருகிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது அவர்களும் நடக்கிறார்கள்! அடுத்த முறை வரும் போது அவர்களை நிறுத்தி, அந்த மூடாத சாக்கடையைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்தத் தெருவில் என் குழந்தை தனியாக நடந்து பள்ளிக்கூடம் போக முடியுமா?'

பதில் சொன்ன பிறகு வாக்கைப் பற்றிப் பேசலாம்.